கேட்கும் செவி யாருடையது?

தொழிலாளரின் மனச்சுமைக்கு நிறுவனமே ஆலோசனை வழங்கும் ஏற்பாடு, 1940-களில் அமெரிக்க ஆலைகளில் குடிநோயாளரை மீட்கும் முயற்சியாக வளர்ந்தது. உற்பத்தி குன்றலாகாது என்ற கணக்கும் அதில் இருந்தது, அது குற்றமன்று. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், 500 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஆலையில் நல அலுவலர் இருக்கவேண்டும் என்றது.

ஆயினும் கடன் தொல்லையால் உறக்கமிழந்தவன் அக்கதவைத் தட்டத் தயங்குகிறான். அலுவலருக்கு ஊதியம் தருபவர் முதலாளியல்லவா? இன்று சிந்திய கண்ணீர், நாளை பதவி உயர்வுப் பட்டியலில் கறையாகுமோ என்ற அச்சம். இதைக் கோழைத்தனம் என்பது எளிது, நியாயமன்று. ஆலோசகர் ஆலைக்கு வெளியே இருக்கட்டும். வந்தவர் பெயர் நிர்வாகத்தை எட்டாதிருக்கட்டும்.

ஒப்பந்தக்காரரின் கீழ்க் கழிவறை கழுவும் பெண்ணுக்கோ, அப்படியொருவர் இருப்பதே தெரியாது. அவள் பெயர் ஆலையின் சம்பளப் பதிவேட்டில் இல்லை. அவள் துயரத்தையும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தா அளப்பது?