ஆயனில்லா ஆடுகளும் டெரி நகரத்து ஆசிரியரும்

(பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு)



பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. சற்று ஓய்வெடுக்கட்டும் என்று இயேசு அவர்களைப் படகில் அழைத்துப்போகிறார். கரையிறங்கினால், கூட்டம் முன்பே ஓடிவந்து காத்திருக்கிறது. ஆயனில்லா ஆடுகளைப்போல நின்ற அந்த மக்களைக் கண்டு அவர் மனம் இரங்கினார் என்கிறார் மாற்கு. இரங்கியவர் அடுத்து என்ன செய்தார்? இந்த இடத்தை நாம் வழக்கமாகத் தாண்டிப்போய்விடுகிறோம். அப்பம் பலுகியது பொழுது சாய்ந்த பிறகு. அதற்கு முன் நெடுநேரம் கற்பித்தார். மனம் இரங்கியதும் அவர் கொடுத்த முதல் உணவு அதுதான்.

முதல் வாசகத்தில் எரேமியா ஆடுகளைச் சிதறடித்த ஆயர்களைச் சாடுகிறார். அவர் முதன்மையாகக் குறிப்பிடுவது யூதாவை ஆண்ட அரசர்களை. ஆகவே இன்று பீடத்திலிருந்து ஓர் அரசியல்வாதியைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். வட அயர்லாந்தின் டெரி நகரத்து ஜான் ஹ்யூம் என்ற ஆசிரியர் அவர்.

1937இல் ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்த தந்தைக்கு, போர் முடிந்தபின் வேலையே கிடைக்கவில்லை. டெரியில் அன்று சட்டைத் தொழிற்சாலைகள் பெண்களுக்கு வேலை கொடுத்தன. ஆண்கள் தெருமுனைகளில் நின்றார்கள். ஆனால் அந்தத் தந்தைக்குக் கையெழுத்து அழகு. அக்கம்பக்கத்தாருக்கு அரசு அலுவலகக் கடிதங்களைத் தம் வீட்டு மேசையிலேயே எழுதிக் கொடுப்பார். ஒருமுறை அயர்லாந்து ஒரே நாடாக வேண்டுமென்ற தேசியவாதிகளின் கூட்டமொன்றில் கொடியும் முழக்கமுமாக மக்கள் பொங்கியபோது, கொடியைச் சாப்பிட முடியாது என்று மகனுக்குச் சொன்னாராம். ஹ்யூம் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

ஹ்யூம் மேனூத் குருமடத்தில் குருத்துவப் பயிற்சி பெற்றவர், இடையில் வெளியேறியவர். நம் ஊர்களில் குருமடத்திலிருந்து திரும்பிவந்த பையனை எப்படிப் பார்க்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். அவன் தாய் கோயிலுக்கு வரவே கூசுகிறாள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். கடவுள் அழைப்பது ஒரே வாசல் வழியாக மட்டுமல்ல. ஹ்யூம் தாம் படித்த புனித கொலம்ப் கல்லூரியிலேயே பிரெஞ்சும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியரானார். அவர் மணந்த பாட் அம்மையாரும் ஆசிரியை. கணவர் பொதுவாழ்வில் இறங்கியபின் குடும்பத்தைத் தாங்கியது அந்த அம்மையாரின் சம்பளம்.

வகுப்பறையில் இருக்கும்போதே ஹ்யூம் ஊர் நிலையைப் பார்த்தார். ஏழைக்கு வங்கி கடன் தராது. அடகுக்கடையும் வட்டிக்காரரும்தான் கதி. 1960இல் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து டெரியில் கடன் சங்கம் தொடங்கினார். நம் ஆசிரியர்கள் நடத்தும் சிக்கன நாணயச் சங்கம் போன்றதுதான். கையில் இருந்தது 7 பவுண்டு. சில ஆண்டுகளுக்குள் அயர்லாந்து முழுவதிலுமுள்ள கடன் சங்கங்களின் கூட்டமைப்புக்கே தலைவரானார். பிற்காலத்தில் உலகப் புகழ் வந்தபிறகும், தம் வாழ்வில் மிகவும் பெருமைப்படுவது அந்தச் சங்கத்தைப் பற்றித்தான் என்று சொல்லிவந்தார். அதற்குக் காரணம் உண்டு. தன் பணத்தைத் தானே சேர்த்துத் தானே ஆளக் கற்றுக்கொண்டவன் யாருக்கு முன்னும் தலைகுனிந்து நிற்கமாட்டான்.

அன்றைய டெரியில் கத்தோலிக்கரே பெரும்பான்மை. ஆனாலும் வட்டங்களைப் பிரித்த விதத்தால் நகராட்சியின் 20 இடங்களில் 12 எப்போதும் பிரித்தானிய ஆட்சியை ஆதரித்த பிராட்டஸ்டண்டு தரப்புக்கே போகும். உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்குரியவருக்கும் அவர் துணைக்கும்தான் வாக்கு. எனவே ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்கினால் வாக்கும் சேர்ந்து போகும். அதனாலேயே வீடு மறுக்கப்பட்டது. இதை எதிர்த்து எழுந்த குடிமை உரிமை இயக்கத்தில் ஹ்யூம் முன்னணியில் நின்றார். 1969இல் வட அயர்லாந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1970இல் சமூக ஜனநாயகத் தொழிற்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ஊர்வலம் சென்றவர்கள்மேல் ராணுவம் சுட்டு 13 பேர் அங்கேயே இறந்தார்கள்; காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். எத்தனையோ இளைஞர்கள் துப்பாக்கியைத் தேடிப்போனது அந்த நாளுக்குப் பிறகுதான். ஹ்யூமின் நகரம் அது, அவருடைய மக்கள் அவர்கள். அவர் துப்பாக்கியின் பக்கம் போகவில்லை.

1974இல் இரு தரப்பும் பங்கேற்ற அமைச்சரவையில் அவர் வணிக அமைச்சர். எதிர்ப்பாளர்களின் வேலைநிறுத்தத்தால் அது ஐந்தே மாதத்தில் கவிழ்ந்தது. இங்கேதான் அவருக்குள் இருந்த ஆசிரியரைப் பார்க்கிறேன். மாணவனுக்கு வாய்ப்பாடு மனதில் பதியும்வரை மறுநாளும் அதையே தொடங்குபவர் போல, அவர் சொன்னதையே மறுபடி சொன்னார்: பிளவுபட்டிருப்பது நிலமன்று, மனிதர்கள், ஒரு மனிதன் வேறுபட்டுப் பிறப்பது அவன் குற்றமன்று, இரத்தம் சிந்தி மனங்களை ஒன்றாக்க முடியாது. லண்டனில், டப்ளினில், வாஷிங்டனில், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில், எங்கு போனாலும் இதே பாடம். எப்போதும் ஒரே பேச்சு என்று பத்திரிகையாளர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இரண்டாம் வாசகத்தில் பவுல், இரு இனத்தாரையும் பிரித்துநின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலில் தகர்த்தார் என்கிறார். உடலில் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சுவரைத் தகர்ப்பவனுக்கு வலிக்கும். 1988இல் ஹ்யூம், சின் ஃபேன் கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸோடு பேசத் தொடங்கினார். ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையோடு உறவுகொண்ட கட்சி அது. அந்தச் சந்திப்புகளுக்குப் பாதை போட்டவர் பெல்ஃபாஸ்டின் அலெக் ரீட் அடிகளார், உலக மீட்பர் சபைக் குரு. விவரம் வெளியே தெரிந்ததும் ஹ்யூம் கடுமையாகத் தாக்கப்பட்டார். கொலைகாரர்களோடு உட்காருகிறார் என்று ஏடுகள் எழுதின. சொந்தக் கட்சிக்காரர்களே கலங்கினார்கள்.

1993 அக்டோபர் 23 அன்று பெல்ஃபாஸ்டின் ஷேங்கில் சாலையில், மீன்கடை ஒன்றில் குடியரசுப் படையின் குண்டு வெடித்து, குழந்தைகள் உட்படப் பொதுமக்கள் 9 பேர் இறந்தார்கள். ஒரே வாரத்தில் பழிவாங்க வந்தவர்கள் டெரிக்கு அருகே கிரேஸ்டீல் ஊரில் மதுக்கடைக்குள் நுழைந்து சுட்டார்கள். 8 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, பிராட்டஸ்டண்டுகளும் உண்டு. அடக்கத்துக்குப் போன ஹ்யூமிடம், தந்தையை இழந்த ஒரு பெண் வந்து பேசினார். அப்பாவின் பெட்டியைச் சுற்றி நாங்கள் செபமாலை சொன்னபோது உங்கள் முயற்சி வெற்றிபெற வேண்டுமென்றும் செபித்தோம் என்றார். ஹ்யூம் அங்கேயே உடைந்து அழுதார். நான் இந்த நிகழ்ச்சியைப் பற்றி நெடுநேரம் யோசித்ததுண்டு. பழிதீர்க்கும்படி கேட்க எல்லா நியாயமும் இருந்த ஒரு வீடு, சாவு வீட்டுச் செபமாலையில் ஓர் அரசியல்வாதிக்காக மன்றாடியிருக்கிறது.

1994 ஆகஸ்ட் 31 அன்று குடியரசுப் படை போர்நிறுத்தம் அறிவித்தது. 1998 ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று அமைதி உடன்பாடு எட்டப்பட்டது. வட அயர்லாந்தில் வாக்களித்தவர்களில் 71 விழுக்காட்டினர் அதை ஏற்றார்கள். அதற்குள் முப்பது ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அதே ஆண்டு, பிரித்தானிய ஆட்சியை ஆதரித்த தரப்பின் தலைவர் டேவிட் ட்ரிம்பிளோடு ஹ்யூமுக்கு நோபல் அமைதிப் பரிசு வந்தது. தம் பரிசுப் பணத்தை டெரியின் புனித வின்சென்ட் தே பவுல் சபைக்கும் இரட்சணிய சேனைக்கும் கொடுத்துவிட்டார். ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது பிராட்டஸ்டண்டுகளுடையது. 2001ஆம் ஆண்டுக்கான காந்தி அமைதிப் பரிசை நம் இந்திய அரசும் அவருக்கு வழங்கியது.

அவருடைய கட்சி? அவர் பேச்சுவார்த்தைக்கு அழைத்துவந்த சின் ஃபேன், சில ஆண்டுகளில் அவர் கட்சியையே வாக்கில் முந்தியது. ஹ்யூமுக்கு இது முன்பே தெரியாமல் இருந்திருக்காது. ஆடுகள் பிழைத்தால் போதும் என்று நினைக்கிற ஆயர் அரசியலில் அபூர்வம். கடைசி ஆண்டுகளில் மறதி நோய் அவரைப் பிடித்தது; தெருவில் நடக்கப்போனவரை ஊர் மக்களே பார்த்துக்கொண்டார்கள். 2020 ஆகஸ்ட் 3 அன்று இறைவனடி சேர்ந்தார்.

பெல்ஃபாஸ்டில் இரு தரப்புக் குடியிருப்புகளுக்கு நடுவே எழுப்பிய சுவர்கள் பல இன்னும் நிற்கின்றன. நாம் அவர்களைப் பார்த்துப் பரிதாபப்படும் நிலையில் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிச் சுவர் எழுப்பியது நம் தமிழகத் திருச்சபை. ஞானஸ்நானம் பெற்ற இருவர் மண்ணுக்குள்ளும் சேர்ந்து படுக்கக்கூடாது என்றவர்கள் நம் முன்னோர். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். நெடுநேரம் கற்பிக்கிற ஆண்டவர் இதில் நம்மிடம் இன்னும் முடிக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களே, அதே பாடத்தை மறுபடி சொல்லச் சலித்துக்கொள்ளாதீர்கள்.

சற்று நேரத்தில் விசுவாசிகள் மன்றாட்டில், நாட்டை ஆளும் தலைவர்களுக்காக ஒரு மன்றாட்டு வரும். பெரும்பாலும் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். இன்று அந்த நேரத்தில் உங்கள் ஊராட்சித் தலைவரையும் சட்டமன்ற உறுப்பினரையும் பெயர் சொல்லி மனதுக்குள் நினையுங்கள், நீங்கள் வாக்களிக்காதவராக இருந்தாலும். எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.