சுட்டவன் கண்ட கணமும் சுடப்பட்டவன் கண்ட கணமும்

தாமரை இதழ்கள் நூற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஊசியால் ஒரே குத்தாகக் குத்தினால், நூறும் ஒரே கணத்தில் துளைபட்டதாகவே தோன்றும். வாஸ்தவத்திலோ முதல் இதழைக் கடந்த பிறகே ஊசி இரண்டாவதைத் தொடுகிறது, இடைப்பட்ட காலம் மிக நுண்ணியதாயிருப்பதால் அந்த வரிசை நமக்குப் புலப்படுவதில்லை என்று நம் நாட்டுத் தார்க்கிகர்கள் வாதித்தார்கள். மரக்கிளையையும் அதன் பின்னே தெரியும் சந்திரனையும் ஒருங்கே காண்கிறோமே, கண்ணொளி அருகிலிருப்பதையும் தொலைவிலிருப்பதையும் ஒரே சமயத்தில் எப்படி எட்டும் என்று கேட்டவர்களுக்கு நையாயிகர்கள் இறுத்த விடை அது. கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற அவர்களுடைய கொள்கையை இன்று ஒருவரும் ஏற்பதில்லை. ஆயினும் 'ஒரே சமயம்' என்று நாம் துணிந்து சொல்வதெல்லாம் பெரும்பாலும் நம் புலன்களின் இயலாமையே என்ற அம்சம் சிறிதும் பழுதுபடவில்லை. ஒரு நிகழ்ச்சியை இருவர் வெவ்வேறு கணங்களில் கண்டு, தத்தம் கணமே நிகழ்காலம் என்று இருவரும் சாதித்தால் உண்மை யார் பக்கம் நிற்கும் என்பதே அதிலிருந்து எழும் கேள்வி.

ஒட்டன்சத்திரத்தில், காய்கறி மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள என் உறவினர் வீட்டில், கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன் இரவு உணவுக்குப் பின் கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் அமர்வது வழக்கம். "பெரியப்பா, நான் செவுத்துக்குப் பின்னால போயிட்டேன், அதுக்கப்புறந்தான் குண்டு பட்டுது. இது அநியாயம்தானே?" என்று அவன் ஒருநாள் கேட்டான். எங்கோ உட்கார்ந்திருந்த எதிராளியைக் கேட்டிருந்தால், பிள்ளை வெட்டவெளியில் நின்றதைக் கண்டே சுட்டதாகச் சத்தியம் செய்திருப்பான். இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதே இந்த வழக்கின் விசேஷம்.

விளையாட்டின் தீர்ப்பு இருவர் வீட்டிலும் எழுதப்படுவதில்லை. மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள ஒரு சர்வர் அதை எழுதுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுமாகையால், நேர்க்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பைக்குச் சென்று திரும்புவதற்கு எவ்வளவு உயர்ந்த இணைப்பானாலும் 11 மில்லி செகண்டேனும் வேண்டும். கேபிள் வளைந்து வளைந்து பல நிலையங்களைத் தொட்டுச் செல்வதால் நடைமுறையில் அதைப்போல் சில மடங்கு ஆகும். ஆகவே ஆடுகிறவன் திரையில் காணும் எதிராளி எப்போதும் சற்று முந்திய எதிராளியே. இந்தக் குறைக்கு ஈடாக, வால்வ் நிறுவனத்தைச் சேர்ந்த யான் பெர்னியர் 2001-இல் விளக்கி எழுதிய முறைப்படி, சர்வர் ஒவ்வொருவரும் நின்ற இடங்களைச் சிறிது நேரத்துக்கு நினைவில் வைத்திருந்து, சுட்டவன் விசையை அழுத்திய கணத்தில் அவன் திரையில் உலகம் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குக் காலத்தைப் பின்னே திருப்பிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. சுவருக்குப் பின் மறைந்தவன் மாண்டுபோவது இதனால்தான்.

இருவர் கண்டதும் மெய்யாக முடியுமா என்ற கேள்விக்குப் பழைய விடை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பழனிக்கு மேற்கே ஐவர்மலை என்றொரு குன்று உண்டு. அதன் இயற்கைக் குகைத்தளத்தின் மேற்புறப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870-இல், வரகுண பாண்டியன் காலத்தில், குணவீரக்குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக்குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியையும் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டுச் சொல்கிறது. அந்தச் சமணப் பெரியோர் போற்றிய அநேகாந்தவாதம், பொருளுக்குப் பல தன்மைகள் உண்டென்றும், ஒருவன் ஒரு கோணத்திலிருந்து காண்பது அந்தக் கோணத்தின் எல்லைக்குள் மெய்யே என்றும் கூறுகிறது. அப்படி எல்லையறிந்து நிற்கும் பார்வைக்கு நயம் என்றும், நயம்போல் வேடமிட்டு நிற்கும் பொய்ப் பார்வைக்கு நயாபாசம் என்றும் அவர்கள் பெயரிட்டார்கள். எல்லாரும் கண்டது எல்லாமே மெய் என்று அந்தத் தரிசனம் சொல்வதாகச் சிலர் எளிதாக எண்ணிவிடுகிறார்கள். அது அதற்குச் செய்யும் பெரிய அபசாரம் என்பது என் எண்ணம்.

நயம், நயாபாசம் என்ற இந்தப் பாகுபாட்டைப் பிள்ளையின் வழக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்டு ஆகிறது என்று காட்டும் பிங் எண்கள் கணினியின் கறுப்புத் திரையில் வரி வரியாக வந்துகொண்டிருந்தன: 34, 36, 35, பிறகு 290, 412, மறுபடியும் 37. தாமதம் எப்போதும் 35 ஆகவே நின்றால், அது நயம். அவன் காண்பது பழையதானாலும் உலகத்தில் மெய்யாக நிகழ்ந்ததே, சர்வரும் அந்த அளவைக் கணக்கிட்டு நியாயம் வழங்க இயலும். தாமதம் கணத்துக்குக் கணம் மாறும்போதோ, வந்து சேராத செய்திகளின் இடத்தைக் கணினி தன் ஊகத்தால் நிரப்புகிறது. எதிராளி ஒருபோதும் நின்றிராத ஓர் இடத்தில் அவனை நிற்கவைத்துக் காட்டுகிறது. அநுமானம் பிரத்தியட்சத்தின் உடையை அணிந்து வந்து நிற்கும் அந்த நிலையை நயாபாசம் என்றல்லாமல் வேறென்ன சொல்வது? தாமதமாக வந்த உண்மை உண்மையே. நிலைகொள்ளாத தாமதத்தில் வருவது உண்மையே அன்று.

எண்கள் இப்படித் துள்ளுவதற்குக் காரணமோ மும்பையிலும் இல்லை, எதிராளியிடமும் இல்லை. கமிஷன் மண்டியைப் பூட்டிவிட்டு வரும் பிள்ளையின் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும், அவருடைய போன் வைஃபையில் சேர்ந்து அன்றைய வீடியோக்களைத் தானாகவே மேலேற்றத் தொடங்கும். கேரளத்துக்குப் போகும் தக்காளி லாரிகள் மார்க்கெட் வாசலில் வரிசைகட்டி நிற்கையில் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு டிவிஎஸ் ஐம்பது எப்படித் தவிக்குமோ, அப்படியே அந்தப் பெரிய வீடியோக்களின் பின்னே விளையாட்டின் சிறு செய்தி ரவுட்டருக்குள் காத்துக் கிடக்கிறது. ரவுட்டரின் நினைவகத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க இந்த வரிசையும் நீளுகிறது என்பதை 2010-ஐ ஒட்டி ஜிம் கெட்டிஸ் உலகறியச் செய்தார். வரிசையின் நீளத்தை எண்ணாமல் ஒவ்வொரு செய்தியும் காத்திருந்த நேரத்தை அளந்து, காத்திருப்பு மிகும்போது சிலவற்றை விலக்கி, அனுப்புகிறவரை வேகம் தணியச் செய்யும் கோடல் என்னும் உபாயத்தை 2012-இல் காத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்டார்கள். நீளத்தை விட்டுக் காத்திருந்த நேரத்தை அளக்க வேண்டும் என்ற அந்த யோசனை, பொறியியலின் எல்லையைத் தாண்டி எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படி முறையிடும் பிள்ளையை "விளையாட்டுத்தானே" என்று தள்ளிவிடாதீர்கள். அவன் கேட்பது நியாயம். முதலில் கணினியை வைஃபையிலிருந்து எடுத்து ரவுட்டரோடு கேபிளால் இணைக்கச் சொல்லுங்கள். அப்போதும் எண்கள் துள்ளினால், பிங்கை ஓடவிட்டு வீட்டிலுள்ள போன்களை ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து விலக்கிப் பாருங்கள். எதை விலக்கும்போது எண் தணிகிறதோ, அந்தப் போனின் வீடியோக்கள் மேலேறும் நேரத்தை நள்ளிரவுக்குப் பின் மாற்றிவைத்தால் போதும். ரவுட்டரில் வசதி இருந்தால், மேலேறும் வேகத்தை இணைப்பின் முழு அளவுக்குச் சற்றுக் குறைவாக நிறுத்திவிடுங்கள்.