வாசலிற் கேட்கப்படும் கணக்கு

பொறியியற் பீடத்துள் முதன்முதலாகக் காலடி வைக்கும் மாணவன் எவ்வளவு கணிதம் அறிந்திருத்தல் வேண்டும் என்ற வினா, மேலோட்டமாக நோக்குவார்க்குப் பாடத்திட்டக் குழுவினர் தம்முள் பேசித் தீர்க்கவேண்டிய ஒரு சிறு விவகாரமாகவே தோன்றும். தமிழ் படிப்பிப்போருக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர் சிலர் நம்மைக் கேட்டதும் உண்டு. ஆனால், ஒருவனிடம் ஒன்றை எதிர்பார்க்கும் உரிமை எங்கிருந்து பிறக்கிறது, எதிர்பார்ப்பவர் அதற்கு முன்னதாகச் செய்து முடித்திருக்கவேண்டிய கடமை யாது என்பன அறவியற் கேள்விகள். அவை கணித ஆசிரியருக்கு மட்டும் உரியன அல்ல.

இவ்வினா நம்மை வந்தடைந்த விதத்தை முதலிற் கூறிவிடுகிறோம்.

மலையகத்துப் பாடசாலை ஒன்றில் நாம் கடமையாற்றிய காலத்தில், உயர்தர வகுப்பின் இணைந்த கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவரிடத்துக்கு வேறொருவர் வரவில்லை. ஒரு தவணை கழிந்தது, இரண்டாவதும் கழிந்தது. நேரசூசியில் 'இணைந்த கணிதம்' என்ற எழுத்துக்கள் மட்டும் மாறாமல் இருந்தன. அப்பாடவேளைகளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. மாணவர் ஒன்பதின்மர். அவருள் ஒருவன், கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகன், பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு வகையிடற் கணக்குகளைத் தானாகவே செய்து பார்ப்பான். "சேர், இது சரியா?" என்று நம்மிடம் கொண்டுவந்து காட்டுவான். சரியா, பிழையா என்று சொல்ல நமக்குத் தெரியவில்லை. நகரத்துத் தனியார் வகுப்புக்குப் போவதென்றால், பஸ் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் சேர்ந்து தாயின் பல நாட் சம்பளத்தை விழுங்கிவிடும். ஈற்றில், கலைப் பிரிவுக்கு மாறிவிடும்படி நாமே அவனுக்குப் புத்தி சொன்னோம். நல்லெண்ணத்துடனேயே சொன்னோம். தமிழ் வகுப்புக்கு ஒரு கெட்டிக்காரன் கிடைத்தான் என்று உள்ளூர மகிழவும் செய்தோம். அம்மகிழ்ச்சியை எண்ணும்போது இன்று நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரு கட்சியார் எழுந்து நிற்கின்றனர். 'தரத்தைக் காப்போம்' என்பார் ஒரு சாரார். கணிதம் போதாதவன் பொறியியலுக்கு வரலாகாது. அவன் ஏன் போதாதவனானான் என்பது தமது கவலையன்று என்பது அவர் வாதம். 'தரம் என்பதே வசதி படைத்தோர் கட்டிய வேலி. அதைத் தளர்த்திவிட்டால் ஏழைப் பிள்ளைகள் உள்ளே வருவர்' என்பார் மற்றையோர். பின்னவர்பால் நமக்கு இயல்பாகவே பரிவு உண்டு. எனினும் பரிவு வேறு, உண்மை வேறு. இருவர் கூற்றும் பிழை என்பதே நமது துணிபு.

பின்னவர் கூற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். கணிதத் தேவை வெறும் வேலியா? இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஒரு வளையை நினைத்துப் பாருங்கள். அதன் நீளம் முழுவதும் ஒரே சீராகச் சுமை ஏற்றப்பட்டுள்ளது. அதே குறுக்குவெட்டும் அடிக்கொரு அதே சுமையும் கொண்ட வளையின் நீளத்தை இருமடங்காக்கினால், நடுவில் அது எவ்வளவு தாழும்? இருமடங்கு என்று நம் போன்றோர் சொல்லிவிடுவோம். பதினாறு மடங்கு என்பதே விடை. சுமையிலிருந்து தொடங்கி நான்கு முறை தொகையிட்டு அவ்விடைக்கு வருகின்றனர். ஆதலின் நீளத்தின் நான்காம் அடுக்கு அங்கே வந்து நிற்கிறது. கண்ணும் கைப்பழக்கமும் இவ்விடையைத் தரமாட்டா. மின்சுற்றில் ஓட்டம் எவ்வாறு எழுந்து தணிகிறது, காற்றில் ஒரு கோபுரம் எவ்வாறு அதிர்கிறது என்பனவும் வகையீட்டுச் சமன்பாடுகளின் மொழியிலேயே பேசப்படுகின்றன. முதலாம் ஆண்டு மாணவனுக்கு நுண்கணிதம், காவிகள், சிக்கலெண்கள், தாயங்கள் ஆகியவற்றின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும் என்று பீடம் எதிர்பார்ப்பது இக்காரணம் பற்றியே.

இதனை அசட்டை செய்வதன் விலையை யார் கொடுப்பர்? 1907 ஓகஸ்ட் 29 ஆம் திகதி, கனடாவின் சென்ற் லோறன்ஸ் நதியின் மேற் கட்டப்பட்டுக்கொண்டிருந்த கியூபெக் பாலம் இடிந்து விழுந்தது. அதில் நின்ற 86 தொழிலாளருள் 75 பேர் மாண்டனர். அவருள் 33 பேர் கானவாகே என்னும் ஊரைச் சேர்ந்த மோகோக் பழங்குடி இரும்பு வேலையாளர். பாலத்தின் நடு அகலம் 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டப்பட்டபோது, பாலத்தின் சொந்தப் பாரம் உரிய வேளையில் மறுபடி கணக்கிடப்படவில்லை. பிழை தெரிய வந்தபோது உருக்கின் பெரும்பகுதி ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டிருந்தது. மேலதிகப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும் என்று மேலிடத்தார் ஏற்றுக்கொண்டனர். கீழ் உறுப்புகள் வளைவதைத் தளத்தில் நின்றோர் கண்டு அளந்து அறிவித்தனர். மேலும் சுமை ஏற்ற வேண்டாம் என்ற செய்தி பாலத்தைக் காலத்தோடு எட்டவில்லை.

அங்கே தவறு செய்தோர் கணிதம் அறியாதோர் அல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அனுபவம் மிக்க பொறியியலாளரே வடிவமைப்பை மேற்பார்த்தார். ஆயின் இந்நிகழ்ச்சியிலிருந்து பெறும் பாடம் மாறுவதில்லை. கணக்குப் பிழைத்தபோது அதன் கீழ் நின்றவன் தொழிலாளி. மேலிருப்பவர் எண்ணை ஐயுறவும், திரும்பக் கணக்கிட்டு 'இது பிழை' என்று எதிர்த்து நிற்கவும் வல்ல பொறியியலாளன் தொழிலாளிக்குத் தேவை. ஏழைக்கு இரங்கிக் கணிதத்தைக் குறைத்துவிடு என்பவர், வேறோர் ஏழையின் தலைமேல் பாலத்தை நிறுத்துகிறார். இரக்கத்தின் பெயரால் இதை நாம் ஏற்கலாகாது.

அவ்வாறாயின் தரம் காப்போர் வென்றுவிட்டனரா? அதுவும் இல்லை. அவர் தரம் என்று அழைப்பது எதை என்று சற்றே ஆராய்வோம்.

இரு வேறு பொருள்கள் இங்கே ஒரே பெயரால் வழங்குகின்றன. ஒன்று ஆயத்தம்; அதாவது விரிவுரையைப் பின்தொடர்ந்து விளங்கிக்கொள்ளும் ஆற்றல். மற்றையது வரிசை, அதாவது பரீட்சை எழுதிய பலருள் ஒருவன் எத்தனையாவது இடத்தில் நிற்கிறான் என்பது. நமது நாட்டில் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் மாணவன் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றிலும் குறைந்தபட்சம் சாதாரண சித்தி பெற்றிருந்தால் போதும் என்றே விதி கூறுகிறது. அரசு தானே எழுதிவைத்த ஆயத்தத்தின் எல்லை அது. அதற்கு மேல் நிற்கும் இசட் புள்ளி எல்லைகள் யாவும் இடப்பற்றாக்குறையின் குழந்தைகள். இசட் புள்ளி ஒருவன் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறான் என்பதைச் சொல்லும். அவன் ஒரு வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்ப்பானா என்பதைச் சொல்லாது. இடங்கள் இருமடங்காயின் எல்லை தாழும். அதனால் மாணவரின் அறிவு ஓரணுவும் குறைந்துவிடாது.

இவ்விரண்டையும் குழப்புவதால் விளையும் அநியாயத்தை நாம் வரலாற்றிலேயே கண்டவர்கள். 1971 ஆம் ஆண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவனுக்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவனுக்கு 250 புள்ளிகளும் குறைந்தபட்ச எல்லைகளாக வைக்கப்பட்டன. ஒரே பீடத்தின் ஒரே விரிவுரையை விளங்கிக்கொள்ள ஒருவனுக்கு ஓரளவு கணிதமும், வேறு மொழியிற் படித்தவனுக்கு அதனிலும் கூடிய கணிதமும் எவ்வாறு தேவைப்படும்? அந்த எண்கள் ஆயத்தத்தின் அளவுகோல்கள் அல்ல, அதிகாரத்தின் அளவுகோல்கள். அதே வேளை, இன்று நடைமுறையிலுள்ள 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்கள் என்ற பங்கீட்டைக் கண்டு, மாவட்டப் பங்கில் வந்தோர் யாவரும் தகுதியற்றோர் என்று நம்மவருள்ளும் சிலர் பேசுகின்றனர். நேற்று நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை முல்லைத்தீவின் தமிழ்ப் பிள்ளைமேலும் மொனராகலையின் சிங்களப் பிள்ளைமேலும் இன்று நாம் இழைக்கலாமா? அவர்களும் அதே பாடங்களில் அதே பரீட்சையிற் சித்தியடைந்து வந்தவர்களே.

இனி, ஆயத்தத்தையே எடுத்துக்கொண்டாலும், அதைக் கோரும் உரிமை யாருக்கு உண்டு? ஒருவன் செய்ய இயலாததை அவனுக்குக் கடமையாக்க முடியாது என்பது, ஜெர்மன் தத்துவஞானி கான்ற்றின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பழைய அறக்கோட்பாடு. இலங்கையில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நடத்தும் 1ஏபி வகையினவோ ஏறத்தாழ 1,000 மட்டுமே. அவற்றுள்ளும் பெயர்ப்பலகை இருந்து ஆசிரியர் இல்லாதவற்றை ஆசிரியர் இடமாற்றப் பட்டியல்களோடு வாழ்ந்தோர் அறிவர். 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது. அது பெரும் வெற்றி. கன்னங்கராவை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் ஆசிரியர் இல்லாத வகுப்பும் இலவசந்தான். அதன் வெறுமையைத் தனியார் வகுப்பு நிரப்புகிறது. பணமுள்ளவனுக்கு மட்டும் நிரப்புகிறது. பிறகு வாசலில் நின்று 'நீ ஆயத்தமாக வந்தாயா?' என்று கேட்கும்போது, உண்மையிற் கேட்கப்படுவது 'உன் தகப்பன் கட்டணம் கட்டினானா?' என்பதே.

வாசலைக் கடந்தவனின் நிலையும் இலகுவானதன்று. 1950 இல் கொழும்பில் ஆரம்பமாகி 1964 இல் பேராதனைக்குச் சென்ற பொறியியற் பீடம் முதல், இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் வரை, பொறியியல் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. பாடசாலையில் 'தொகையிடல்' என்றும் 'காவி' என்றும் தன் மொழியில் அறிந்து வந்தவன், அறிந்த பொருளையே அறியாதவன்போல முதல் வாரத்தில் விழிக்கிறான். அவனது மௌனத்தைக் கண்டு 'கணிதம் போதாது' என்று எழுதிவிடுகின்றனர். மொழியின் குறையையும் கணிதத்தின் குறையையும் பிரித்தறியாத ஆயத்தப் பரீட்சை, நோயை அறியாமல் மருந்தெழுதும் வைத்தியனுக்கு ஒப்பாகும்.

ஆகவே நமது நிலைப்பாடு இதுதான். கணிதத் தேவை குறைக்கப்படலாகாது. ஆனால் அத்தேவை மாணவன்மேல் மட்டும் சுமத்தப்படும் கடன் அன்று. கேட்பவரையும் அது கட்டுப்படுத்தும். பீடம் தான் எதிர்பார்ப்பவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும், மாதிரிக் கணக்குகளோடு, எல்லா உயர்தரப் பாடசாலைகளுக்கும் தெளிவாக அறிவித்தல் வேண்டும். அனுமதி பெற்றவனுக்கு முதலாம் ஆண்டின் தொடக்கத்தில், விடுபட்ட கணிதத்தை அவன் மொழியின் துணையோடு கற்பிக்கும் காலம் ஒன்று ஒதுக்கப்படுதல் வேண்டும். அது தண்டனை வகுப்பாகவோ பின்தங்கியோர் கொட்டகையாகவோ இராமல், அவனது உரிமையாக அமைதல் வேண்டும். இவை யாவற்றுக்கும் முன்பாக, இணைந்த கணிதம் என்று நேரசூசியில் எழுதப்பட்ட ஒவ்வொரு பாடவேளைக்கும் அதைக் கற்பிக்க வல்ல ஒருவரை அனுப்புதல் அரசின் கடமை. இக்கடமையைச் செய்யாத அரசு, செய்யும்படி அதை நெருக்காத நாம், வாசலில் நின்று கணக்குக் கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறோம்.

'நாம்' என்று சொன்னோம், தெரிந்தே சொன்னோம். கலைப் பிரிவுக்கு மாறிய அம்மாணவன் இன்று கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்கிறான். வீடு கட்டுவோர் கொண்டுவரும் வரைபடத்தைப் பார்த்து, எத்தனை கம்பி, எவ்வளவு நீளம் என்று மனத்தாலேயே கணக்கிட்டுச் சொல்லிவிடுவானாம். சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அதைப் பெருமையோடு நம்மிடம் சொன்னான். நம்மேல் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. "நீங்க சொன்னது நல்லதுக்குத்தானே, சேர்" என்றான். அவன் குறை சொல்லியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று அவனுக்குப் புத்தி சொன்ன நாம், வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதமேனும் எழுதவில்லை. பெற்றோரைக் கூட்டவில்லை. ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அதைப்பற்றி வாய்திறக்கவில்லை. வெற்றுப் பாடவேளையை நம் பாடத்தால் நிரப்பினோம். அதனைச் சேவை என்றும் எண்ணினோம். ஆசிரிய நண்பர்களே, இத்தகைய பாடவேளை உங்கள் பாடசாலையிலும் இருக்கக்கூடும். அதில் ஒரு பிள்ளை தானே செய்த கணக்கொன்றைச் சரிபார்க்க ஆளின்றிக் கையில் வைத்துக்கொண்டு இருக்கக்கூடும். அவனைக் கலைப் பிரிவுக்கு அழைப்பதற்கு முன், அவனுக்கு உரிய ஆசிரியரைக் கேட்டு எழுதுங்கள். தனியாக எழுதாமற் கூட்டாக எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.