தௌபாவுக்குப் பிந்திய களைப்பு

கெட்ட பழக்கமொன்றை விட்டவனின் முகத்தில் ஒளி வரும் என்று எமது ஊரில் சொல்வார்கள். பயான்களிலும் அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறோம். பாவி அழுகிறான், தௌபாச் செய்கிறான், அடுத்த வரியில் அவன் இரவெல்லாம் நின்று வணங்குகிறான். அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் என்ன நடந்ததென்று எவரும் சொல்வதில்லை. அந்த இடைவெளியில் நான் ஏறத்தாழ மூன்று மாதங்கள் கிடந்தேன். என் முகத்தில் ஒளி எதுவும் வரவில்லை. கண்களுக்குக் கீழே கருமைதான் வந்தது.

2003 தொடக்கம் 2023 வரை 20 வருடங்கள் கஞ்சா பாவித்தவன் நான். சுனாமிக்குப் பிறகு தூக்கம் வராததால் தொடங்கினேன் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். 2004 டிசம்பர் 26 வருவதற்கு ஒரு வருடம் முன்பே, ஆசிரியர் கலாசாலை விடுதியின் பின்மதிலோரம் அது தொடங்கிவிட்டது. சுனாமி எனக்கு ஒரு சாட்டை மட்டுமே தந்தது. அதன் பிறகு சாட்டுகளுக்குக் குறைவிருக்கவில்லை. நாட்டு வைத்தியக் கடைகளில் விற்கும் மதன மோதகத்திலும் கஞ்சாதானே சேர்கிறது, மருந்தென்றால் எப்படி ஹராமாகும் என்பது ஒரு சாட்டு. சாராயத்தைப் போல இதன் பெயர் குர்ஆனில் இல்லையே என்பது இன்னொன்று. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டிலேயே இப்னு தைமிய்யாவும், எமது ஷாபி மத்ஹபைச் சேர்ந்த ஸர்கஷியும் இதே சாட்டுக்கு மறுப்பு எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 700 வருடங்களாக மனிதன் புதிய சாட்டு எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இவ்வளவு காலமும் பாடசாலையில் எனக்கிருந்த பெயர் ‘சாந்தமான சேர்’. நான் பிள்ளைகளை ஏசியதில்லை. யாருடனும் தர்க்கித்ததில்லை. இரவு இஷாவுக்குப் பிறகு வட்டைப் பக்கம் போய்வந்தால் மறுநாள் முழுவதும் எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றாது. அதைப் பொறுமை என்று மற்றவர்கள் எண்ணினார்கள். நானும் அப்படியே எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் தரம் 11 மாணவன் ஒருவன் கஞ்சாவுடன் பிடிபட்டான். ஒழுக்காற்றுக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். இரண்டு வார வகுப்புத் தடையும் பெற்றோருக்குக் கடிதமும் என்று தீர்மானித்தோம். கடிதத்தின் அடியில் நான்காவது கையெழுத்து என்னுடையது. அன்றிரவு என்னால் வட்டைக்குப் போக முடியவில்லை. மறுநாளும் போகவில்லை. என் தௌபா இவ்வளவுதான். கண்ணீர் கிடையாது. கையெழுத்திட்ட கை பொதியைத் திறக்கக் கூசியது.

முதல் வாரம் எரிச்சலும் வியர்வையும். சாப்பாடு இறங்கவில்லை. இரவில் கனவுகள், கனவுகளுக்குள் கனவுகள். வீட்டில் எல்லோர் மீதும் சீறினேன். இரண்டாம் வாரத்தில் சீற்றம் அடங்கி அதன் இடத்தில் அலுப்பு வந்தது. நாள்முழுதும் வயலில் நின்றவனுக்கு வரும் அலுப்பு வேறு. அதில் ஓர் இனிமை உண்டு. இது விழிக்கும்போதே கூட வந்த அலுப்பு. வெண்கட்டியைத் தூக்கினால் கை கரும்பலகையின் பாதியில் நின்றது. ‘வைரஸ் காய்ச்சல்’ என்று சொல்லி நான்கு நாள் லீவு எடுத்தேன். போதையில் இருந்த காலத்தில் பொய் சொல்லி ஒரு நாள்கூட லீவு எடுக்காதவன், அதை விட்ட பிறகு எடுத்தேன். பார்ப்பவர்களுக்கு நான் நல்லவனாயிருந்து கெட்டுப்போனவன். என் கணக்கோ நேர்மாறானது. இது எப்படி நியாயமாகும் என்பதே என்னை முதலில் அரித்த கேள்வி.

உடம்பின் பக்கத்து விடையை ஒரு வைத்தியர் சொன்னார். பின்னர் நானும் தேடி வாசித்தேன். கஞ்சாவின் போதைப்பொருள் 1964இல் பிரித்தறியப்பட்டது. அது மூளையின் எந்தக் கதவைத் தட்டுகிறது என்பது 1990 அளவில் தெரியவந்தது. அந்தக் கதவுக்குரிய, எமது மூளை தானே சுரக்கும் ஒரு பொருளை 1992இல் கண்டுபிடித்தவர்கள், ‘ஆனந்தம்’ என்ற சமஸ்கிருதச் சொல்லை எடுத்து அதற்கு ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். படைத்தவன் ஒவ்வொருவருக்கும் அளந்து வைத்த ஆனந்தம் அது. வெளியிலிருந்து நாளாந்தம் அளவுக்கு மிஞ்சி வந்துகொண்டிருந்தால் மூளை தன் கதவுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. வெளி வரவு நின்றதும், இருக்கும் சொற்பக் கதவுகளால் வீட்டுக்குப் போதிய வெளிச்சம் வருவதில்லை. இனி அவை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். நாளாந்தம் புகைத்தவர்களை வைத்து 2012இல் வெளியான மூளைப்படிம ஆய்வொன்று, ஏறத்தாழ நான்கு வாரங்கள் விட்டிருந்தால் மூளையின் பெரும்பாலான பகுதிகளில் அவை பழைய அளவுக்கு மீள்கின்றன என்று காட்டியது. கஞ்சாவை விடும்போது வரும் இந்த உபாதை 2013இல்தான் அமெரிக்க உளமருத்துவர்களின் நோய் வகைப்பாட்டில் தனிப் பெயருடன் இடம்பெற்றது. பெரும்பாலானோருக்கு முதல் வாரத்தில் உச்சம், இரண்டு மூன்று வாரங்களில் தணிவு. தூக்கக் குழப்பம் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம். என்னைப் போல சிகரட் தூளுடன் கலந்து புகைத்தவனுக்குப் புகையிலையை விட்ட துன்பமும் சேர்ந்துகொள்கிறது.

இது ‘ஏன்’ என்பதற்கு விடை. ‘யார் குற்றம்’ என்பதற்கு இதில் விடையில்லை. நானே தேடிக்கொண்ட களைப்புக்கு நான் சலுகை கேட்கலாமா? சுபஹுக்கு எழும்ப முடியாமல் கிடந்த ஒரு நாள், மௌலவியான என் மச்சானிடம் யாரோ ஒருவருடைய விடயம் போலக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

“வேணுமெண்டு போதையெடுத்து புத்தி போனவன், தப்பின தொழுகையெல்லாம் கழாச் செய்யத்தான் வேணும் மச்சான். ஆனா ஒருத்தன் தேவையில்லாமப் பாய்ஞ்சு கால முறிச்சிக்கிட்டான், நிண்டு தொழ ஏலா, இருந்து தொழுறான். அவன் அதத் திருப்பித் தொழத் தேவல்ல எண்டுதான் நம்மட மத்ஹபுல சரியான சொல். பாய்ஞ்சது குத்தம். முறிஞ்ச கால் நோய்.”

அன்று நான் இருந்து தொழுதேன். நின்று தொழுத எத்தனையோ நாட்களைவிட அதில் உண்மை இருந்தது.

பாய்ந்த குற்றத்துக்குத் தௌபா உண்டு. முறிந்த கால் தௌபாச் செய்த கணத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் எமது சமூகம், விட்டுவிட்டேன் என்று சொல்பவன் சோர்ந்திருந்தால் ‘இவன் இன்னும் விடவில்லை’ என்று தீர்ப்பளிக்கிறது. விட்டவனும் அதே தீர்ப்பைத் தன்மீது எழுதிக்கொள்கிறான். பிழையிலிருந்து மீண்டும் பலன் இல்லையென்று தோன்றும் அந்த வாரங்களில்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். எனக்கும் போகத் தோன்றியது. ஒரு இழுப்பு இழுத்தால் நாளைக்கு நல்ல ஆசிரியனாக வகுப்புக்குப் போகலாம் என்று ஷைத்தான் மிகவும் நியாயமாகவே கதைத்தான்.

ஆனாலும் முறிந்த கால் என்ற உவமை எனக்கு அச்சமும் தந்தது. 20 வருடங்கள் சாட்டுகளில் வாழ்ந்தவன் கையில் அது இன்னொரு சாட்டாகலாம். களைப்பையும் சோம்பலையும் பிரிக்க ஒரு வழி கண்டேன். சோம்பல் வேலைக்கு மட்டும் வரும். விருப்பமானது வந்தால் எழும்பிவிடும். என் அலுப்போ கரம் பலகைக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி ஆணத்துக்கும்கூட எழும்பவில்லை. ஆகவே அது சோம்பலல்ல. சரி. அப்படியானால் என் கணக்குத் தீர்ந்ததா?

தீரவில்லை. அல்லாஹ்வின் உரிமையில் சலுகை விசாலமானது. அடியார்களின் உரிமை அப்படியல்ல. நான் கதிரையில் சாய்ந்திருந்த பாடவேளைகள் தரம் 7இல் இருந்த 38 பிள்ளைகளுடையவை. முறிந்த காலுடன் தொழுத தொழுகைக்குக் கழா இல்லாதிருக்கலாம். முறிந்த மனதுடன் கற்பித்த பின்னங்களுக்குக் கழா உண்டு. களைப்பு பழியை நீக்குகிறது, கடனை நீக்குவதில்லை. நான்காம் மாதம் தொடக்கம் சனிக்கிழமைகளில் அந்தப் பாடங்களைத் திருப்பி நடத்தினேன். ஏனென்று பிள்ளைகள் கேட்கவில்லை.

இனி அந்த மாணவனின் கதை. தடை முடிந்து மூன்றாம் வாரம் அவன் வகுப்புக்கு வந்தான். வந்தவன் மேசையில் தலைவைத்துக் கிடந்தான். எழுப்பினால் எழும்பினான், எழுதச் சொன்னால் இரண்டு வரி எழுதினான், மீண்டும் சாய்ந்தான். ஆசிரியர் அறையில் முடிவு கட்டியாயிற்று: இன்னும் குடிக்கிறான், பெற்றோரை அழைத்து விடுகைப் பத்திரம் கொடுக்க வேண்டும். அங்கிருந்தவர்களில் அவன் விட்டுவிட்டான் என்று அறிந்தவன் நான் ஒருவனே. அந்தக் கண்களைக் காலையில் என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இங்கேதான் இரண்டு கடமைகள் மோதின. அல்லாஹ் மறைத்து வைத்த உன் பாவத்தை நீயே பகிரங்கப்படுத்தாதே என்பது எமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம். தெரிந்த சாட்சியத்தை மறைக்காதே என்பதும் எமக்குக் கற்பிக்கப்பட்டதே. எனது சாட்சியத்துக்கு ஆதாரம் என் பாவம். ஒன்றைக் காட்டாமல் மற்றதைக் காட்ட முடியாது. மறைப்பதில் எனக்கு இலாபமும் இருந்தது என்பதால், மறைக்கச் சொன்ன குரல் மார்க்கத்தின் குரலா என் பயத்தின் குரலா என்று பிரித்தறிய முடியவில்லை.

“அவன் விட்டுட்டான். விட்டவங்களுக்கு இப்படித்தான் அலுப்பு வரும்” என்றேன்.

“எப்படித் தெரியும் சேர்?” என்று அதிபர் கேட்டார்.

“விட்ட ஒருத்தர எனக்குத் தெரியும்.”

அது பொய்யல்ல. முழு உண்மையுமல்ல. யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குள் ஓர் உதறல் உண்டு. பத்திரம் ஒரு தவணைக்குப் பிற்போடப்பட்டது. அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான்.

பாதி சொன்னது போதுமா? ஒரு மாணவனைக் காப்பாற்ற அது போதுமாயிருந்தது. இதே இடத்தில் கிடக்கும் வேறு எத்தனை பேருக்கு அது போதாது என்ற எண்ணமே இக்கட்டுரை. பெயரை மறைத்து வழியைச் சொன்னால் இரண்டு கடமைகளையும் ஓரளவு நிறைவேற்றலாம் என்று நம்பியே புனைபெயரில் எழுதுகிறேன். ஆகவே வழியையும் சொல்லிவிடுகிறேன். நித்திரை வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்தில் படுத்து சுபஹுக்கு எழும்பினேன். பகல் தூக்கத்தைத் தவிர்த்தேன். அஸருக்குப் பிறகு பிளேன்ரீயை நிறுத்தினேன். எவ்வளவு கால் இழுத்தாலும் காலையில் வாய்க்கால்கட்டு வரை நடந்தேன். ஒரு நாளுக்கு ஒரு வேலை மட்டும் முடிந்தால் அந்த நாளைத் தோல்வியென்று எழுதாமலிருக்கப் பழகினேன். இதற்கென்று ஒப்புக்கொள்ளப்பட்ட தனி மருந்து இல்லை என்றாலும் வைத்தியரிடம் போனது வீணாகவில்லை. இரத்தச்சோகை, தைரொயிட் போன்றவையும் இதே அலுப்பைத் தரும் என்று அவர் இரத்தம் சோதிப்பித்தார். வாரங்கள் கடந்தும் மனம் இருண்டே கிடந்தால், உயிரின் மீது வெறுப்பு வந்தால், அதைத் தனியே சுமக்காமல் உடனே வரவேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். “எனக்குத் தெரியும். நீங்க சொல்ற நாளத்தான் பாத்துக்கிட்டிருந்த” என்றாள்.

கடைசியாக ஒன்று. அந்தக் கூட்டம் முடிந்த அன்று அவனை வராந்தாவில் கண்டேன். அவன் தலை குனிந்தபடி கேட்டான்:

“சேர், இந்த அலுப்பு எப்ப போகும்?”

ஆசிரியனாக விடை சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

“எனக்கும் இன்னும் போகல்ல மகன். முதல் கிழமைய விடக் குறைவு. நாம ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் விட்டிருக்கம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் வகுப்புக்குப் போனான்.

அவனுடைய இரகசியத்தை நாங்கள் ஐந்து பேர் கையெழுத்திட்டுக் கடிதமாக அனுப்பியிருந்தோம். என்னுடையதை அவன் இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை.