ஒரே சுமை, இரு முதுகுகள்

உடல்நலம் என்பது ஒருவன் தன் முயற்சியால் தேடிக்கொள்ளும் செல்வமா? அல்லது, சமுதாயம் ஒவ்வொருவருக்கும் தந்தாக வேண்டிய உரிமையா?

நோயுற்ற ஒருவன், மனம் சோர்ந்து மூலையில் கிடவாமல், முதுகிலே ஒரு பையை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஓடத் தொடங்குகிறான். திங்கள் பல கழிகின்றன. மூச்சிரைப்பு குறைகிறது, பருத்த உடல் மெலிகிறது, இழந்த உறக்கம் திரும்புகிறது, உள்ளத்தில் ஊக்கம் ஊறுகிறது. மீண்டான் அவன்! பாராட்டுகிறது உலகம். பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அந்தப் பாராட்டின் பின்னே பதுங்கி வருகிறது ஒரு பழிச்சொல்: "அவனால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" நலமிழந்து நிற்கும் கோடானுகோடி மக்களை நோக்கி வீசப்படும் அந்தக் கேள்வி நேர்மையானதுதானா என்பதை எடைபோட்டுப் பார்ப்போம்.

மலைத்தட ஓட்டம், திடலைச் சுற்றி ஓடும் பந்தயம் அன்று. கல்லும் வேரும், சேறும் சரிவும் நிறைந்த ஒற்றையடிப் பாதையிலே, ஏற்றத்தில் நடந்தும் இறக்கத்தில் ஓடியும் நெடுந்தொலைவு கடப்பது அது. ஆல்ப்ஸ் மலையில், மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றிப் பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் மண்ணை மிதித்து ஓடும் போட்டி 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 10,000 மீட்டர் அளவுக்கு வரும். தண்ணீர், மழைச்சட்டை, தலையில் கட்டும் விளக்கு, ஆபத்தில் உதவும் ஊதல், குளிர்காக்கும் போர்வை இவையனைத்தையும் ஓடுபவரே முதுகில் சுமக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மொராக்கோ நாட்டுச் சகாராப் பாலையில் 1986இல் தொடங்கிய ஓட்டத்திலோ, ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்கு வேண்டிய பல நாள் உணவும் ஓடுபவர் முதுகிலேதான்!

இவை எல்லை தொட்டவர்கள் இறங்கும் களங்கள். நலம் நாடுபவனுக்கு இவ்வளவு வேண்டுவதில்லை. சிறு குன்று போதும். சிறு பை போதும். நாள்தோறும் சிறிது கூடுதலாக என்னும் பொறுமை போதும். பையைக் கட்டுவதே ஒரு பாடம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "நீ எதற்கு?" என்று கேட்கவேண்டும். தக்க விடை தராத பொருள் வீட்டிலே தங்கட்டும். ஏனெனில், ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் நெஞ்சை அழுத்தும். இறக்கத்தில் ஒவ்வொரு கிலோவும் முழங்காலைத் தாக்கும். வழக்கமாகச் சுமந்தோம் என்பதற்காக எதையும் சுமக்கலாகாது. இது பைக்கு மட்டுமா பொருந்தும்? எண்ணிப் பாருங்கள்!

ஓடினால் நலம் மீளும் என்பதிலே மந்திரமில்லை, மாயமில்லை. காரணமும் விளைவும் கைகோத்து நிற்கும் அறிவியல் அது. பயிற்சி பெற்ற இதயம், ஒரே துடிப்பில் முன்னைவிட மிகுதியான குருதியைச் செலுத்துகிறது. அதனால், ஓய்வு நேரத்தில் நிதானமாகத் துடிக்கிறது. உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பார்த்து நில்லாமலேயே குருதியிலுள்ள சர்க்கரையை ஈர்த்துக்கொள்கிறது. எடை தாங்கும் எலும்பு உறுதிப்படுகிறது. மேடுபள்ளத்தை மிதித்துப் பழகிய கால், தடுமாறாமல் நிற்கக் கற்கிறது.

1966ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டு டல்லாஸ் நகரில், இருபது வயது இளைஞர் ஐவரை மருத்துவ அறிஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினர. நோயில்லை, காயமில்லை, கிடை மட்டுமே. எழுந்தபோது, கடும் உழைப்பின்போது உயிர்வளியை ஏற்றுப் பயன்படுத்தும் அவர்களது திறன், நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது! பயிற்சி தந்தனர், திறன் திரும்பியது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பதை எட்டிய அதே ஐவரையும் தேடிப்பிடித்து மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட, மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது. நடை, மெல்லோட்டம், மிதிவண்டி என்று ஆறு திங்கள் படிப்படியாகப் பயிற்சி பெற்றதும், முதுமையால் இழந்த அந்தத் திறனை அவர்கள் மீட்டுக்கொண்டனர். ஐவரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனால், அது உடைத்த மூடநம்பிக்கை பெரிது.

மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் கிடத்துவதே மருத்துவம் என்று நம்பிய காலமும் இருந்தது. 1952இல், பாஸ்டன் நகர மருத்துவர்கள் லெவைன், லவுன் இருவரும், நோயாளியை எழுப்பி நாற்காலியில் உட்காரவைப்பதே நல்லது என்று எடுத்துரைத்தனர். 1973இல், கனடா நாட்டு டொராண்டோவில் மாரடைப்பிலிருந்து மீண்ட நோயாளிகள் சிலர், மருத்துவர் மேற்பார்வையில் பயிற்சி பெற்று, அதே பாஸ்டன் நகரின் மாரத்தான் ஓட்டத்திலே ஓடினர்! நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்ட இடத்தில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிக் காட்டினர், இருபத்தோரே ஆண்டுகளில். வழக்கத்தை வணங்காமல் கேள்வி கேட்ட அறிவின் வெற்றி இது.

ஆகவே, "எல்லாம் தலையெழுத்து, நோய் வந்தது, படுத்தேன், வேளை வந்தால் எழுவேன்" என்று கூறுவோரின் பேச்சு பொய்த்தது. எழுதிய கையும் இல்லை, எழுத்தும் இல்லை. இருப்பது உடல்; அதற்கு உண்டு இயற்கை நெறி. நெறியறிந்து முயன்றால், முழுமையாக இல்லாவிடினும் பெருமளவு மீளலாம்.

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. விதியை விரட்டிய வீட்டிற்குள், அதன் தம்பி நுழைந்துவிடுகிறான், வேறு வேடத்தில்! "உன் நோய்க்கு உன் முன்வினை காரணம்" என்றது பழைய தீர்ப்பு. "உன் நோய்க்கு உன் சோம்பல் காரணம்" என்கிறது புதிய தீர்ப்பு. சொல் மாறிற்று, குற்றவாளி மாறவில்லை. அன்றும் கூண்டில் நின்றவன் நோயாளி. இன்றும் நிற்பவன் அவனே. அவன் உண்ட உணவு எது, உழைத்த நேரம் எவ்வளவு, உறங்க இடமுண்டா, ஓடப் பாதையுண்டா என்ற கேள்விகளை அன்றும் எவரும் எழுப்பவில்லை. இன்றும் எழுப்புவோர் சிலரே.

"ஓடாததால் நோய்" என்கிறீர்களே, வாழ்நாளெல்லாம் மலை ஏறுகிறானே ஒருவன், அவனைப் பாருங்கள். நேபாள நாட்டுச் சுமைதூக்கி! நெற்றியிலே பட்டை; பட்டையிலே தொங்குகிறது முதுகுக் கூடை. எவரெஸ்ட் செல்லும் வழியிலுள்ள நாம்ச்சே சந்தைக்குச் சரக்கு கொண்டுசெல்லும் சுமைதூக்கிகளை ஆராய்ந்து, 2005இல் அறிஞர்கள் முடிவு வெளியிட்டனர். ஆண்கள் சுமந்தது, சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடு; பெண்கள் சுமந்தது 66 விழுக்காடு. தம் எடையையும் மிஞ்சிய சுமையைத் தூக்கியவர்களும் இருந்தனர். அவ்வளவு சுமையோடும் அவர்கள் உடல் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிட்ட திறம் கண்டு, அறிவுலகம் வியந்தது. மலைத்தட வீரன் முதுகிலே உள்ள சில கிலோ எங்கே, இந்த மலை போன்ற சுமை எங்கே!

அதே மலை. அதே ஏற்றம். அதே வேர்வை. ஒருவனுக்குப் பதக்கம், மற்றவனுக்குக் கூலி. ஒருவன் நலம் தேடிச் சுமக்கிறான். மற்றவன் நலம் தேய்ந்தாலும் சுமக்கிறான். உழைப்பு மட்டுமே உடலைக் காக்கும் என்றால், உலகிலேயே நெடுநாள் வாழ்பவர்கள் மூட்டை தூக்குவோரும், கல் உடைப்போரும், செங்கல் சுமப்போருமாக அல்லவா இருக்கவேண்டும்?

டென்மார்க் நாட்டுக் கோபன்ஹேகனில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் உடலை மிகுதியாக இயக்கியவர்களிடையே இதய நோயும் முந்திய சாவும் குறைவு. வேலை நேரத்தில் உடல் மிகுதியாக வருந்தியவர்களிடையே அவையே அதிகம்! வறுமையின் பங்கை இக்கணக்கிலிருந்து முற்றிலும் கழித்துவிட முடியுமா என்ற வாதம் அறிஞரிடையே தொடர்கிறது. கழிக்க முடியாது என்றாலும், வறுமையே கொல்கிறது என்றுதான் பொருள். எப்படிப் பார்த்தாலும் குற்றம் உழைப்பவன் மேல் விழவில்லை.

"அப்படியானால், வேலையில் உடல் அசைவது தீதா?" என்று கேட்பீர்கள். இல்லை. இலண்டன் நகரின் மாடிப் பஸ்களை ஆராய்ந்தார் ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர். நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் வெளியிட்டார். கண்டக்டரின் அசைவு இலேசானது. ஏறுவதும் இறங்குவதும் நிற்பதுமாக மாறி மாறி வருவது. முதுகு ஒடிய மூட்டை தூக்குவது அவ்வாறன்று. அசைவு உடலை வளர்க்கும். அளவு மீறிய பாரம், ஓய்வின்றித் தொடர்ந்தால், உடலை அரிக்கும்.

வேறுபாடு எங்கே இருக்கிறது? சுமையிலே இல்லை, சுமப்பவன் கையிலுள்ள உரிமையிலே இருக்கிறது. களைத்தால் நிற்கிறான் ஓட்டக்காரன்; சுமைதூக்கி நின்றால் கூலி நிற்கும். வலித்தால் பையை இறக்குகிறான் ஓட்டக்காரன்; சுமைதூக்கி இறக்கினால் வேறொருவன் தூக்கிக்கொள்வான். ஓடிய மறுநாள் ஓய்வு; ஓய்வுக்குப்பின் ஊட்டமிக்க உணவு. உடல் வலுப்பெறுவது ஓடும்போது அன்று, ஓடியபின் ஓய்வெடுக்கும்போதுதான். பயிற்சி பாதி மருந்து. ஓய்வு மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை ஏழைக்கு மறுத்துவிட்டு, "நீயும்தான் வேர்வை சிந்துகிறாயே, ஏன் நோய்?" என்று கேட்பது அறிவாகுமா? அறமாகுமா?

எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டியின் வாழ்வைக் காட்டிச் சிலர் மறுப்புரைக்கலாம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் குடியானவப் பெண்; பதினொரு குழந்தைகளின் தாய். 1955இல், தம் 67ஆம் வயதில், 2,000 மைலுக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தன்னந்தனியே நடந்து முடித்தார். அவ்வாறு ஒரே பயணத்தில் முடித்த முதல் பெண் அவரே. சிறந்த கருவி ஒன்றும் அவரிடம் இல்லை. தாமே தைத்த துணிப்பை தோளிலே. சாதாரண ரப்பர் காலணி காலிலே! "பாருங்கள், பணமா தேவை? மனம் போதாதா?" என்பர்.

மனம் பெரிதுதான். மறுக்கவில்லை. ஆனால், அந்த மனம் அவரிடம் 67ஆம் வயதிலா முளைத்தது? கணவனின் அடியையும் உதையையும் பல்லாண்டு தாங்கி, மணவிலக்குப் பெற்று, பிள்ளைகள் அனைவரும் வளர்ந்து தம் வழி போன பிறகே அந்தப் பாதை அவருக்குத் திறந்தது. கால்கள் முன்பே இருந்தன. காலம்தான் அவருடையதாக இல்லை. மூன்று முறை அந்த நெடும்பாதையைக் கடந்த கால்களை, அடுப்படியிலும் அச்சத்திலும் கட்டிவைத்தது எது? சோம்பலா? அவர் வென்றது நம்மை மகிழ்விக்கட்டும். வெல்ல அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது நம்மை உறுத்தட்டும்.

"அப்படியானால், நலம் நாடி ஓடுவது செல்வரின் பொழுதுபோக்கு, நமக்கேன்?" என்று இளைஞர் எவரும் ஒதுங்கவேண்டா. உரிமை கிடைக்கும் வரையில் உடலைக் கெடவிடுவேன் என்பது போராட்டம் ஆகாது. நேரமும் வாய்ப்பும் உடையவர்கள் ஓடுங்கள். நோயுடையோர் மருத்துவரைக் கலந்துகொண்டு, நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிதளவே கூட்டுங்கள். வலியை வீரம் என்று எண்ணாதீர்கள். தாகத்துக்கு நீர் அருந்துங்கள். ஆனால், அளவின்றி நீர் குடித்தால் குருதியில் உப்புக் குறைந்து உயிருக்கே இடர் நேரும் என்பதையும் மறவாதீர்கள்.

நலம் பெற்றபின், இரண்டு கடமைகள் உண்டு உங்களுக்கு. ஒன்று, நலமற்றவனை இகழாதிருத்தல். உங்கள் முயற்சி உங்களுடையது. முயல்வதற்குக் கிடைத்த ஓய்வும் உணவும் பாதையும் உங்கள் முயற்சியால் மட்டும் வந்தவை அல்ல. மற்றொன்று, அந்த வாய்ப்பை எல்லார்க்கும் ஆக்குதல். எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைப்பை உறிஞ்சாத தொழிற்சாலை; நடப்பதற்கு இடம் விட்ட தெரு; பெண் அச்சமின்றிக் காலையில் ஓடிவரத்தக்க ஊர்; முதுகின் பாரத்துக்கு எல்லை வகுத்த சட்டம் இவை எட்டாக் கனவுகள் அல்ல. பெரு நாட்டின் மலைப்பாதைகளில் சுற்றுலாச் சுமைதூக்கியின் மீது 20 கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்று, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் வந்தது. எடையிடப்படாத முதுகு என்றிருந்தது, எண்ணால் காக்கப்பட்டது. சட்டம் வந்ததும் கொடுமை ஒழிந்துவிடாது. ஆனால், கொடுமையைக் கொடுமை என்று சுட்ட ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

உடலை மீட்டவன் உயர்ந்தவன் அல்லன், வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டவன். உடல் நலிந்தவன் தாழ்ந்தவன் அல்லன். பெரும்பாலும் வாய்ப்பு மறுக்கப்பட்டவன். நலத்தை ஒழுக்கத்தின் பரிசாகக் காட்டும் சமுதாயம், நோயைத் தண்டனையாக்கிவிடும். நலத்தை உரிமையாக ஏற்கும் சமுதாயமே நோயைத் தீர்க்க முனையும்.

விரும்பிச் சுமக்கும் சுமை, மனிதனை உயர்த்தும். வேறு வழியின்றிச் சுமக்கும் சுமை, மனிதனை வளைக்கும். வளைந்த முதுகுகள் நிமிரட்டும். விரும்பியவர் விரும்பிய அளவு சுமக்கட்டும். விரும்பியபோது இறக்கி வைக்கட்டும். அந்த நாள் வரும்வரை, ஓடும் கால்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.