கல்லின் சூடு

தோசை மாவைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அரிசி எத்தனை பங்கு, உளுந்து எத்தனை பங்கு, எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு உண்டு. கல்லின் சூட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பார்த்தால் தெரியும்" என்று பதிலை முடித்துவிடுவார்கள். பார்த்துத் தெரிந்துகொள்வது எதை? அந்தக் கேள்வி அடுப்பங்கரையோடு நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

கல்லில் நாலு துளி தண்ணீர் தெளிக்கிறோம். துளி கிடந்து மெல்ல வற்றினால் கல் இன்னும் காயவில்லை, மாவு ஒட்டிக்கொள்ளும். 'சுர்'ரென்று ஒலித்து உடனே மறைந்தால் அதுவே பதம். முத்து முத்தாக உருண்டு ஓடினாலோ சூடு மிஞ்சிவிட்டது. மாவு பரவுமுன்பே வெந்து கரண்டியோடு சுருண்டு வந்துவிடும்.

இந்த உருண்டோடும் விந்தையை 1756-இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். துளியின் அடியிலிருந்து எழும் ஆவியே துளிக்கும் உலோகத்துக்கும் நடுவே மெத்தைபோல் நின்று விடுகிறது. கீழே அத்தனை சூடு இருந்தும் துளியை அது சரியாக எட்டுவதில்லை. அளவு மீறிய கோபத்தில் சொன்ன புத்திமதியும் இப்படித்தான். கேட்பவர் தம்மைக் காத்துக்கொள்ளத் தமக்கும் நமக்கும் நடுவே ஒரு திரையை எழுப்பிவிடுகிறார். சொன்ன சொல் அந்தத் திரையின் மேலேயே உருண்டு போய்விடுகிறது.

தெளித்த தண்ணீருக்கு இன்னொரு குணமும் உண்டு. கல்லைச் சோதிக்கிற அந்த நீரே கல்லைச் சற்றுத் தணித்தும் விடுகிறது. உலகில் சோதிக்கிறவர்கள் அநேகம் பேர். சோதிக்கிறபோதே தணிக்கவும் தெரிந்தவர்கள் சிலரே.

அப்படியும் முதல் தோசை பிய்ந்துபோனால் குடி முழுகிவிடாது. சுட்டவளே அதைத் தின்றுவிட்டு அடுத்த கரண்டியை ஊற்றுகிறாள். நஷ்டம் ஒரு கரண்டி மாவு.

ஆனால் எல்லாச் சூடும் இப்படி மன்னிப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடியில் இருக்கும் போடிநாயக்கனூரையும், அதற்கு மேலே போடிமெட்டைத் தாண்டிப் பரந்து கிடக்கும் ஏலமலையையும் அறிந்தவர்களுக்கு இது தெரியும். பறித்த பச்சை ஏலக்காயை அங்கே 'ஸ்டோர்' என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில் பரப்புகிறார்கள். ஏறக்குறைய 50 பாகைச் சூட்டில், கிட்டத்தட்ட ஒரு பகலும் ஓர் இரவும் அது காய வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாக வற்றும். சூடு ஏறிவிட்டால் தோல் வெடிக்கும், பச்சை நிறம் பழுப்பாகும், மணம் பறந்துவிடும். போன பச்சையை எந்தத் தண்ணீர் தெளித்தும் திருப்பிக் கொண்டுவர முடியாது. போடியின் ஏல மையத்தில் விலை சொல்பவர்கள் காயின் பருமனைப் பார்ப்பார்கள், நிறத்தையும் பார்ப்பார்கள். ஆகவே உலையைக் கவனிப்பவர் இரவெல்லாம் கண் விழிக்கிறார்.

சரி, அந்தக் காயைப் பறித்தது யார்? விடியுமுன்பே எழுந்து, சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு, போடியிலிருந்து ஜீப் ஏறி மலைக்குப் போகும் பெண்கள். ஏலச் செடியின் காய் தரையை ஒட்டிக் காய்ப்பது. நாள் முழுதும் குனிந்தே இருக்க வேண்டும். பதமான காயை மட்டும் பறித்துப் பிஞ்சை விட்டுவிட வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தி நாலு பிஞ்சையும் சேர்த்துக் கிள்ளிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். மேற்பார்வை பார்ப்பவர் அத்தனை பேர் முன்னிலையில் அவளுடைய பிறப்பையும் வளர்ப்பையும் இழுத்துப் பேசுகிறார். காய்க்கு 50 பாகை என்று கணக்கு உண்டு; காய் பறித்த கையின் உடையவளுக்கு ஒரு கணக்கும் இல்லை.

கண்டிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், காயாத கல்லிலும் தோசை வராது. ஆனால் தவறு வேறு, தவறு செய்தவர் வேறு. பிஞ்சைக் கிள்ளியது முதல் தோசையைப் போன்றது. காட்டிக் கொடுத்தால் அடுத்த செடியில் சரியாகிவிடும். அவளுடைய மானமோ ஏலக்காயைப் போன்றது. ஒருமுறை கருகினால் பிறகு கொடுக்கும் கூலி உயர்வும் சமாதான வார்த்தையும் அதற்குப் பழைய நிறத்தைத் தருவதில்லை. நாம் செய்யும் அநியாயங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்வதால் வருபவை. ஒரு கரண்டி மாவுக்காகக் கண் விழித்துக் கொதிக்கிறோம்; ஒரு மனித உயிரின் விஷயத்தில், "அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம்.

வீட்டுக்கு வந்த மருமகளிடமும், கணக்கில் தோற்ற பிள்ளையிடமும், கையேந்தி நிற்கும் கடன்காரனிடமும் பேச வாயெடுக்கும்போது எதிரில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு நாலு துளித் தண்ணீருக்கு ஆகும் நேரம் போதும்.