உடல் நானல்ல என்றவரின் கைக்கட்டி

உடல் 'நான்' அல்ல என்றால் அதற்கு மருத்துவம் எதற்கு? வேதாந்த வகுப்புகளில் சாவகாசமாக அலசப்படும் இந்தக் கேள்வி, 1949-இல் திருவண்ணாமலையில் கத்தியும் ரேடியமுமாக வந்து நின்றது.

உடல் 'நான்' அல்ல என்று போதித்த ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே சிறு கட்டி. பிப்ரவரியில் அகற்றினார்கள், மீண்டும் வந்தது. மார்ச்சில் இரண்டாம் அறுவை. திசுப் பரிசோதனை சர்கோமா என்றது: தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் பிறக்கும் அரிய புற்றுநோய். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. கொழுப்புக்கட்டிதானே என்று விட்டுவிடுவார்கள். இன்றைய நிபுணர்கள் ஸ்கேன் பார்த்து, ஊசியால் திசு எடுத்துச் சோதித்த பிறகே கத்தியைத் தொடுகிறார்கள். சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து எடுக்காவிட்டால் மிச்சம் வளர்ந்துவிடக்கூடும்.

கையையே எடுத்துவிடலாம் என்றார்கள் மருத்துவர்கள். மகரிஷி இணங்கவில்லை.

ஆனால் சிகிச்சையை அவர் ஒதுக்கவுமில்லை. நான்கு அறுவைகள், ரேடியக் கதிர்வீச்சு, பச்சிலை, ஹோமியோபதி என அன்பர்கள் கொண்டுவந்தவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தார். வலியே இல்லை என்றும் சாதிக்கவில்லை. கையை எடுக்க இணங்காததை உடல் வெறுப்பு என்று வாசிப்பது சோம்பேறித்தனம். சிகிச்சைகளுக்கு இடம் கொடுத்ததைப் பிறர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்ட பரிவு என்பதே பொருந்தும்.

1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது அதற்குப் பிறகுதான், 1954-இல். அறுவையும் கதிர்வீச்சும் கைகோக்கும் இத்தகைய மையங்களில் இன்று கைகால்களில் சர்கோமா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவற்றை வெட்டாமலே சிகிச்சை நடக்கிறது.